வெள்ளை மிளகின் வாசம்

ஜூன் 11, ஞாயிறு

காய்ச்சல் விட்டுவிட்டது. அசதி மட்டும் இன்னும் இருக்கிறது. பூசைக்குப் போகவில்லை, சகாயமும் ஜெசிந்தாவும் போய் வந்தார்கள். அவர்கள் வருவதற்குள் கறிக்குழம்பு வைத்துவிடலாம் என்று அடுப்பில் ஏற்றிவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து மதியத்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜெசிந்தா, "அம்மா, என்னா கருகுது?" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். குழம்பு வற்றி அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"தூங்கிட்டியா வெரோ?" என்றார் சகாயம்.

"ஆமாங்க, கண்ணு அசந்துட்டேன்."

தூங்கவில்லை.

ஜூன் 14, புதன்

வேலைக்குத் திரும்பினேன். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளியில் கேட்டார்களாம். "ஓட்டல்ல வேலைனு சொல்லிட்டேன்மா" என்றாள் ஜெசிந்தா. பதினொரு வயதுப் பிள்ளை வேறென்ன சொல்ல முடியும். சகாயத்தின் சொந்தங்களும் அதோடுதான் நிறுத்திக்கொள்கிறார்கள். என் அட்டையில் 'சொமெலியே' என்று போட்டிருக்கும். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதும், பாட்டிலைத் திறந்து முகர்ந்து, நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு விருந்தினருக்கு ஊற்றுவதும்தான் வேலை. புதுச்சேரி முழுக்க இந்த வேலையைச் செய்யும் பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இன்று ஒரு பாட்டில் திரும்பி வந்தது. சிவப்பு ஒயின். நான் திறந்து, முகர்ந்து, தலையாட்டி ஊற்றியது. மேசையில் இருந்த பெரியவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஈரச் சாக்கு மாதிரி அடிக்குதேம்மா" என்றார். கார்க் கெட்டுப்போனால் வரும் வாடை அது. அறை வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலாளி தயாபரன் சார் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சளி சார், இன்னும் முழுசா விடல" என்றேன்.

"ரெண்டு நாள் சேர்த்து லீவு எடுத்திருக்கலாமே" என்றார்.

ஜூன் 22, வியாழன்

நீலகிரித் தைலத்தைத் திறந்து மூக்கில் ஒட்டி வைத்துக்கொண்டேன். கண் எரிந்து நீர் வந்தது. அவ்வளவுதான்.

ஜூலை 1, சனி

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். சகாயத்திடம்கூடச் சொல்லாமல்தான் போனேன். டாக்டர் குட்டிக் குட்டிப் புட்டிகளாகத் திறந்து நீட்டினார். காப்பித் தூள், கிராம்பு, சோப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொல்ல முடிந்தது.

"காய்ச்சல்ல நரம்பு அடிபட்டிருக்குதும்மா. திரும்பி வரலாம். வராமலும் போகலாம். தினம் நாலு வாசனையை மோந்து பழகுங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"வீட்லதான் டாக்டர்" என்றேன்.

"அப்ப பெரிய பாதிப்பு இல்ல. கேஸ் அடுப்புல மட்டும் ஜாக்கிரதை."

திரும்பி வரும்போது மீன் அங்காடி வழியாக நடந்தேன். நடு அங்காடியில், மத்தி விற்கும் வரிசையில் போய் நின்றேன். மீன்காரம்மா, "என்னா வேணும் கண்ணு, அப்படியே நிக்கிற?" என்றாள். ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சகாயத்திடம் சொல்லிவிட்டேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "வந்துரும் வெரோ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வரலன்னாதான் என்ன, வேற வேல பாத்துக்கலாம்" என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்ததாக எனக்குப் பட்டது. அது தவறாகவும் இருக்கலாம்.

ஜூலை 8, சனி

தயாபரன் சார் கூப்பிட்டுப் பேசினார். நவம்பர் சீசனுக்கு ஒயின் பட்டியலை மாற்றப் போகிறார். நமக்கென்று ஒரு வெள்ளை ஒயின் வேண்டும், தென்னிந்தியாவில் வேறு எங்கும் இருக்கக் கூடாது, நம் மீனுக்கும் மிளகுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். "நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதான் வெரோனிக்கா" என்றார். சென்னையிலிருந்து ஹரீஷ் என்ற இறக்குமதிக்காரர் சாம்பிள் பாட்டில்கள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு எடுத்துப் போய் அமைதியாகப் பார்க்கிறேன் என்றேன்.

சகாயம் கல்யாணத்துக்கு முன்பு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். பாட்டில் வீட்டுக்குள் வரக் கூடாது. அவருடைய அப்பா சாராயத்தில் செத்தவர். கடைசி வருடங்களில் வீட்டுச் சட்டிபானையைக்கூட விட்டுவைக்காமல் விற்றுக் குடித்தவர். அந்த வாடைக்குப் பயந்து சகாயமும் தங்கை ஃபிளோராவும் பக்கத்து வீட்டில் போய்ப் படுப்பார்களாம். சகாயம் கல்லூரிப் பஸ் ஓட்டுகிறார். இத்தனை வருடத்தில் ஒரு சொட்டு தொட்டதில்லை. என் உணவகத்துக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

நாளைக்குக் கேட்டுப் பார்க்க வேண்டும். வேறு யாரிடம் கேட்பேன்?

ஜூலை 9, ஞாயிறு

கேட்டேன்.

"குடிக்க வேணாங்க. மோந்து பாத்து என்ன தோணுதோ சொன்னா போதும். மீதிய நான் பாத்துக்கறேன்."

எழுந்து சட்டையை மாட்டினார். பிறகு ஜெசிந்தாவை ஃபிளோரா வீட்டில் விட்டுவிட்டு வந்தார். பரீட்சைக்கு உட்காருகிறவர் மாதிரி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். முதல் கிளாஸை நீட்டியபோது தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

"புளிச்ச மோரு."

இரண்டாவது: "பெயிண்ட் கடை." மூன்றாவது: "பழைய அன்னாசிப்பழம். இல்ல, அன்னாசிப்பழ எசன்ஸ்."

மூன்றையும் நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிப்பு, இனிப்பு, கசப்பு மூன்றும் நாக்குக்குத் தெரிகிறது. எடை தெரிகிறது. அவர் சொன்னதும் என் நாக்கு சொன்னதும் ஒத்துப்போயின. மூன்றும் சாதாரணம்.

"பயமா இருந்துச்சு" என்றார், கிளாஸ்களைக் கழுவும்போது. "ஆனா அந்த நாத்தம் இல்ல."

ஜூலை 16, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

ஹரீஷ் கொடுத்ததில் கடைசியாக ஒரு பாட்டில் மிச்சமிருந்தது. ஆஸ்திரியா. டான்யூப் ஆற்றங்கரையில் கல்லடுக்கிக் கட்டிய படிவயல்களில் விளையும் கிரூனர் வெல்ட்லீனர் என்ற திராட்சை. அந்த நாட்டுக்காரர்கள் தினமும் குடிக்கும் சாதாரண ஒயினுக்கும் அதே திராட்சைதான் என்பதால் நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. விளைவித்துச் செய்தது ஒரு சின்னக் குடும்பம், பெயரே கேள்விப்பட்டதில்லை. நிறம் வெளிறிய பச்சை கலந்த மஞ்சள்.

சகாயம் முகர்ந்தார். கிளாஸைக் கீழே வைக்கவில்லை. மறுபடி முகர்ந்தார்.

"என்னங்க?"

"இரு."

மூன்றாவது தடவை முகர்ந்துவிட்டுச் சொன்னார்: "நார்த்த எலைய கசக்குன மாதிரி. மொதல்ல அது. அப்பறம் மெளகு. கறுப்பு மெளகு இல்ல வெரோ, தோல் உரிச்ச வெள்ள மெளகு. இடிச்ச உடனே வர்ற வாசன. அதுக்கு அடியில என்னமோ இருக்குது... கருங்கல்லு மேல மழ விழுந்தா, மொத தூறல்ல, ஒண்ணு வருமே. அது."

நான் ஒரு வாய் எடுத்துக்கொண்டேன். புளிப்பு ஒரு கம்பி போல நேராக நாக்கின் நடுவில் ஓடியது. எங்கும் தளரவில்லை. இரண்டு பக்கமும் மெல்லிய உறைப்பு. துப்பிய பிறகும் அந்தக் கோடு போய்க்கொண்டே இருந்தது. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து என் வாய்க்குள் வந்தவற்றில் இதற்கு ஈடு சொல்ல இரண்டு மூன்றுகூடத் தேறாது. அதன் எலும்பு முழுவதும் எனக்குத் தெரிந்தது. முகம் தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரிந்துகொண்டிருந்தது.

நான் அழுதேன் போலிருக்கிறது. சகாயம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாய்ல வச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"வேணாங்க."

"நீ துப்பிடற இல்ல? நானும் துப்பிடறேன். நல்லதா இல்லையானு முழுசா சொல்லணும்ல."

துப்புவதற்கு வைத்திருந்த சொம்பை அவர் பக்கம் நகர்த்தினேன். ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடியே வைத்திருந்தார். துப்ப மறந்துவிட்டார்.

"எங்கப்பா குடிச்சது இது இல்ல" என்றார், மெதுவாக. "இது வேற."

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

ஜூலை 18, செவ்வாய்

ஆஸ்திரிய ஒயினில் பாதியைக் கொண்டுபோய்த் தயாபரன் சாருக்கும் சமையற்காரர்களுக்கும் ஊற்றிக் கொடுத்தேன்; மீதி வீட்டு பிரிட்ஜில். நார்த்தை இலை, வெள்ளை மிளகு, மழை விழுந்த கருங்கல். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொருவர் முகமாக மாறியது. தயாபரன் சார் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, "எங்க புடிச்சீங்க இத? எத்தன வருஷமா குடிக்கறேன், இப்படி ஒண்ணு வந்ததில்ல" என்றார். ஹரீஷிடம் அங்கேயே போனில் பேசி, இருப்பதையெல்லாம் நமக்கே என்று சொல்லிவிட்டார்.

"உங்க மூக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கணும் வெரோனிக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஆகஸ்ட் 5, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. சகாயத்தின் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். காலையில் கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, தைலம் நாலையும் முகர்ந்து பார்த்தேன். காற்றுதான்.

சகாயம் குளிக்கும்போது பாடுகிறார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முகர்ந்து பார்க்க மேசையில் உட்காருவோம். இப்போது வாரநாளிலும், "இன்னைக்கு ஏதாச்சும் பாக்கணுமா?" என்று கேட்கிறார். எனக்கும் வேலை இருக்கிறது. பட்டியல் முழுவதையும் முடிக்க வேண்டும். அவர் மூக்கு நாளுக்கு நாள் தேறிவருகிறது. நான் சொல்லாமலே கொய்யா, பச்சைப் பட்டாணி, மெழுகு என்கிறார். அவர் துப்புவதற்கென்று வைத்த சொம்பை இன்று கழுவ எடுத்தேன். உலர்ந்திருந்தது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா திருநாள். ஃபிளோரா குடும்பத்தோடு வந்திருந்தாள். பிரியாணி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் உப்பு மட்டும் பார்த்தேன்.

பாத்திரம் கழுவும்போது ஃபிளோரா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணி, அண்ணன் ஏதாச்சும் மாத்திர மருந்து சாப்பிடுதா?"

"இல்லையே. ஏன்?"

"அது மேல ஒரு வாட."

"வண்டி ஓட்டறவரு. டீசல் வாடையா இருக்கும்."

என்னையே பார்த்தாள். பிறகு தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போனாள். மூக்கு விஷயம் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு எப்போதுமே என் வேலைமேல் ஒரு கசப்பு உண்டு.

ஆகஸ்ட் 28, திங்கள்

ஜெசிந்தா அப்பாவின் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். தோழியோடு நடந்து போகிறாளாம். வளர்கிற வயது. அப்பா பின்னால் உட்கார்ந்து போக வெட்கம் வந்திருக்கும்.

செப்டம்பர் 10, ஞாயிறு

சாம்பிள் பாட்டில்களை எடுத்துப் பார்த்தேன், எல்லாமே பாதிக்குக் கீழே. நான் நினைத்ததைவிட அதிகமாகவே ஊற்றிக் காட்டியிருக்கிறேன்.

செப்டம்பர் 23, சனி

ஆஸ்திரிய ஒயின் பெட்டிகள் வந்து சேர்ந்தன. வெள்ளை மிளகும் மாங்காயும் போட்ட வஞ்சிரத்தோடு இன்று முதல்முறையாகப் பரிமாறினோம். பெங்களூரிலிருந்து வந்த ஒரு தம்பதி இரண்டாவது பாட்டில் கேட்டார்கள். அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "நீங்க எழுதியிருக்கற அந்த மழை வாசனை... நெஜமாவே இருக்கு" என்றாள். பட்டியலில் அந்த வரியை அச்சடித்திருக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டுக் குளிரறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 6, வெள்ளி

சகாயம் இப்போது சீக்கிரமே கிளம்பிவிடுகிறார். இருட்டிய பிறகு வருகிறார். ஸ்பெஷல் டிரிப் இருக்கிறதாம். பாட்டு நின்றுவிட்டது. காக்கிச் சட்டையைத் துவைக்கப் போட்டேன். கையில் கிரீஸ் கறை இல்லை, கழுத்தில் அழுக்கில்லை. இப்படிச் சுத்தமாக இருந்ததே இல்லை. சீக்கிரம் அலசிவிட்டேன்.

அக்டோபர் 21, சனி

மதியம் ஃபிளோரா உணவகத்தின் பின்வாசலுக்கு வந்தாள். இதுவரை இந்தப் பக்கம் வந்ததே இல்லை. நான் ஏப்ரனோடு வெளியே போனேன். குடையைக்கூட மடக்காமல் நின்றாள்.

"அண்ணன் வேலைக்குப் போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு அண்ணி. தெரியுமா தெரியாதா உங்களுக்கு?"

"தினம் போறாரே."

"யூனிபார்ம் போட்டுட்டு எங்க போவுது? கேட்ல வாயில மிஷின் வச்சு ஊதச் சொன்னாங்களாம். ரெண்டாவது வாட்டியும் காட்டிருச்சாம். புள்ளைங்க போற வண்டி, வேணாம்னு அனுப்பிட்டாங்க. எங்க வீட்டுக்காரருதான் காலேஜ்ல வெசாரிச்சுட்டு வந்தாரு. காலையில கட தெறக்கறதுக்கு முன்னாடியே போய் வாசல்ல நிக்குதாம். எங்கப்பன் நின்ன மாதிரியே."

நான் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"பக்கத்துலதான படுக்கறீங்க? ஒரு மாசமா உங்களுக்கு மணக்கலையா? பாட்டில மோந்து பாத்தே ஊரு பேரு சொல்றவங்களாச்சே நீங்க!"

"எனக்கு மணக்காது ஃபிளோரா" என்றேன். "ஜூன்ல வந்த காய்ச்சல்லயே போயிருச்சு. எதுவுமே மணக்காது."

குடை தாழ்ந்தது. "என்னா சொல்றீங்க?"

"உங்க அண்ணன்தான் எனக்கு மோந்து சொல்லிக்கிட்டு இருந்தாரு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். ஏழாம் மேசைக்குப் பாட்டில் திறக்க வேண்டும். போனேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

ஜெசிந்தா கோயிலில் நடக்கும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தாள். அதே சமையலறை மேசையில் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். கத்த வேண்டும் என்றுதான் இருந்தேன்.

"எப்பங்க ஆரம்பிச்சீங்க?"

"நீ வேலைக்குப் போனப்பறம், பிரிட்ஜ்ல இருந்த மீதிய எடுத்து... அந்த ஆஸ்திரியா பாட்டிலு. அது தீந்துருச்சு. அதத்தான் தேடுனேன்."

"கடையில எங்கங்க அது கெடைக்கும்?"

"கெடைக்காதுனு தெரியும். கடையில குடுக்கறதெல்லாம் நாத்தம் புடிச்ச பிராந்தி. வாய்கிட்ட கொண்டுபோறப்பவே எங்கப்பா வாடதான் வருது வெரோ. ஒவ்வொரு வாட்டியும் அதான் வருது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனாலும் குடிக்கறேன்."

என்மேல் பழி போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். கிளாஸ் பல்லில் தட்டும் சத்தம் கேட்டது.

வீட்டிலிருந்த எல்லாப் பாட்டில்களையும் தொட்டியில் கவிழ்த்தேன். அவர் சமையலறைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அந்த வாசனை வீடு முழுக்க நிறைந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. மறைக்கல்வியிலிருந்து வந்த ஜெசிந்தா நுழையும்போதே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 30, திங்கள்

இனிமேல் இல்லை என்று சகாயம் ஜெசிந்தா தலையில் கை வைத்துச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நவம்பர் 4, சனி

சீசன் தொடக்க விருந்து. மதியம். அந்த ஒயினை விளைவிக்கும் குடும்பத்திலிருந்து உர்சுலா என்ற பெண் ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். வெயிலில் வேலை செய்த கை. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எங்கள் மலைச்சரிவில் முதல் மழைக்கு வரும் மணத்தை இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார் என்று அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

சாப்பாடு நடுவில், பையிலிருந்து லேபிள் ஒட்டாத ஒரு பாட்டிலை எடுத்தார். நாங்கள் வாங்கியதற்கு அடுத்த வருடம் விளைந்த ஒயின். இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம். முதலில் எனக்கு ஊற்றினார். எல்லா மேசையும் திரும்பிப் பார்த்தது. தயாபரன் சார் பெருமையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முகர்ந்தேன். வாயில் வைத்தேன். புளிப்பு முன்பைவிடத் தணிந்திருந்தது, உடம்பு பருத்திருந்தது. அதை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் காத்திருந்தார்கள். "வெள்ளை மிளகு" என்றேன். "அடியில் அதே மழைக்கல்."

உர்சுலாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "அந்த வருடம் வறட்சி" என்றார், வருத்தமான குரலில். "மிளகே இல்லை. முழுக்கப் பழ மணம்தான், பீச்சும் தேனும். அதைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க நினைத்தேன்."

யாரோ பேச்சை மாற்றினார்கள். வஞ்சிரம் வந்தது. உர்சுலா போகும்போது என் கையை நெடுநேரம் பிடித்திருந்தார். 

நவம்பர் 6, திங்கள்

தயாபரன் சார் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கோபப்படவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப அந்தக் கருங்கல்லு, மழை... அது யாரு சொன்னது?"

"என் வீட்டுக்காரரு."

கொஞ்சம் யோசித்தார். நல்ல மனிதர், நிஜமாகவே உதவும் எண்ணத்தில்தான் கேட்டார். "அவரு என்ன பண்றாரு இப்ப? வேலை இல்லைனா இங்க கூட்டிட்டு வாங்களேன் வெரோனிக்கா. அப்பேர்ப்பட்ட மூக்கு. நாம பழக்கிக்கலாம்."

"வேணாம் சார்" என்றேன்.

நாளை முதல் எனக்கு முன்பதிவு மேசை. போன் எடுக்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். அவர் கேட்காமலே, கார்க் திறக்கும் கருவியை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 19, ஞாயிறு

சகாயம் செய்த சத்தியம் நிற்கவில்லை. அவரைக் குடியிலிருந்து மீட்கும் இல்லத்தில் சேர்த்தோம். ஊருக்கு வெளியே, கன்னியாஸ்திரீகள் நடத்துவது. ஃபிளோராவும் வந்தாள். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, வழி முழுக்க டிரைவர் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தார் சகாயம். இல்லத்து வாசலில் சட்டைப்பையில் கைவிட்டுச் சீப்பைத் தேடித் தலை சீவிக்கொண்டார். முதல் நாள் பள்ளிக்குப் போகும் பிள்ளை மாதிரி இருந்தது.

"ஜெசிந்தாகிட்ட என்னா சொல்லுவ?"

"அவளுக்குத் தெரியுங்க."

தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

டிசம்பர் 3, ஞாயிறு

புயல் வரும் என்கிறார்கள். நாள் முழுக்க மழை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் மட்டும் கேட்டது. டாக்டரிடம் மறுபடி போயிருந்தேன். ஆறு மாதம் ஆகிவிட்டதால் இனி அதிகமாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார். கிராம்பையும் ரோஜாத் தண்ணீரையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

டிசம்பர் 22, வெள்ளி

சகாயம் வீட்டுக்கு வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். கை நடுக்கம் இல்லை. வந்த அன்றே ஏணி போட்டு ஏறி, ஜெசிந்தாவுக்காக நட்சத்திர விளக்கைக் கட்டினார். அவள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்ப்பா" என்றாள். அவள் அவரிடம் பேசிக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

டிசம்பர் 25, திங்கள்

பூசைக்கு மூன்று பேரும் போனோம். ஃபிளோரா கேக் கொண்டுவந்தாள். தான் செய்ததில் ஒயின் சேர்க்கவில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னாள்.

டிசம்பர் 30, சனி

தெரிந்த ஒரு டிரைவர் மூலமாக ஜல்லி லாரி ஓட்ட ஆள் கேட்கிறார்கள் என்று சகாயம் காலையில் போனார். பொழுது சாயும் நேரத்தில் வந்தார். நேராகக் குழாயடிக்குப் போய் நெடுநேரம் வாய் கொப்பளித்தார். முகம் கழுவினார். மறுபடி வாய் கொப்பளித்தார்.

"என்னங்க ஆச்சு?"

"ஜனவரில பாக்கலாம்னாங்க."

மூன்று பேருக்கும் தட்டு வைத்தேன். சங்கரா மீன் வறுத்திருந்தேன். பரிமாறும் சாக்கில் அவர் முகத்தருகே குனிந்தேன். எதுவும் இல்லை. எப்போதும்போல எதுவுமே இல்லை. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது, வெயிலில் அலைந்ததாகவும் இருக்கலாம்.

"ஜெசிந்தா" என்று கூப்பிட்டேன். "அப்பாகிட்ட போய் நில்லு."

எதற்கென்று அவள் கேட்கவில்லை. எழுந்து போய் அவர் தோளில் முகத்தை வைத்தாள். கழுத்தருகே, வாயருகே. அவர் அசையாமல் இருந்தார். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. அவள் நிமிர அதிக நேரம் ஆனது. அவர் சட்டையின் பின்பக்கத்தை அவள் விரல்கள் இறுக்கிப் பிடித்திருப்பதை நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க முடிந்தது.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "சோப்பு வாசனதான்."

"சரி" என்றேன். "உக்காரு, சாப்பாடு ஆறுது."

உட்கார்ந்தாள். சகாயம் தன் தட்டிலிருந்த மீனின் நடுத்துண்டை முள் எடுத்து, அவள் தட்டில் வைத்தார். அவள் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். அதைத் தொடவே இல்லை.